வாங்க மறுத்தார்

சட்டம் தெரியாதவர்களை எனக்குப் பிடிக்கும். சட்டத்தில் இருபது வார்த்தை தெரிந்து வைத்திருப்பவர்களைத்தான் என்னால் சகிக்க முடியாது. தெரியாதவன் கேட்பான். இருபது வார்த்தைக்காரன் சொல்வான். அவன் சொல்வதை நம்பி நாலு பேர் நாசமாய்ப் போவார்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இருபத்தொன்பது வருடம் ஆகிறது. வழக்குப் போட்டவர் மனுதாரர், யார்மேல் போட்டாரோ அவர் எதிர்மனுதாரர். இன்ன தேதிக்கு வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்று எதிர்மனுதாரருக்கு நீதிமன்றம் அனுப்புகிற தாள்தான் சம்மன். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் இருக்கும் பிரதியில் கையெழுத்து வாங்கி, அதன் பின்பக்கத்தில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். நீதிபதிக்கு என் முகம் தெரியாது. அந்த இரண்டு வரிதான் தெரியும்.

இத்தனை வருடத்தில் எத்தனை கதவு தட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. படித்தவன், படிக்காதவன் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லா வீட்டிலும் ஒரே அகராதிதான் ஓடுகிறது. ஜாமீன் கிடைத்துவிட்டால் குற்றமே செய்யவில்லை என்று அர்த்தம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மகனுக்கு ஜாமீன் கிடைத்த அன்று வீட்டுக்கு வெளியே பட்டாசு கொளுத்தினார். பையன் மூன்று மாதம் கழித்து உள்ளே போனபோது, ஜெயித்த கேஸை எப்படித் திரும்ப நடத்தலாம் என்று என் சட்டையைப் பிடித்தார். தடையுத்தரவு என்றால் ஜென்மத்துக்கும் அவர்கள் பக்கம் தீர்ப்பாகிவிட்டது என்று பொருள். அஃபிடவிட் என்றால், முத்திரைத்தாளில் எழுதிவிட்டதால் பொய் உண்மையாகிவிட்டது என்று பொருள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் நடுங்குவார்கள். அதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். நீதிமன்ற சம்மன் வந்தால் மட்டும் கதவைச் சாத்துவார்கள்.

நான் யாருக்கும் திருத்திச் சொல்வதில்லை. ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு, பட்டுத் திருந்தட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இந்த அகராதிக்கெல்லாம் ஆசிரியர் என்று ஒருவரைச் சொல்வதானால் அது பாயிண்ட் மாமாதான். "இங்கதான் ஒரு பாயிண்ட் இருக்கு" என்று விரலைத் தூக்காமல் அவர் எந்தப் பேச்சையும் ஆரம்பித்ததில்லை. அதனால் தெரு முழுக்க அந்தப் பெயர். வயது அறுபத்திரண்டு. நீதிமன்றத்துக்கு எதிரே பதினெட்டு வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சட்டம் படித்தவர் அல்ல, சட்டத்தை ஜெராக்ஸ் எடுத்தவர். கொடுத்த தாளை இயந்திரத்தில் கவிழ்ப்பதற்கு முன் ஒரு தரம் மேய்வார். வந்தவன் மூன்றாம் பக்கம் மட்டும் போதும் என்றால் மூன்றாம் பக்கம் மட்டும் படிப்பார். அவருடைய சட்ட அறிவு முழுவதும் முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் நடுப்பக்கங்களாலேயே ஆனது.

கடையை மூடிய பிறகு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவில் யாருக்குத் தகராறு என்றாலும் முதலில் அவரிடம்தான் போனார்கள். வக்கீலிடம் போனால் ஃபீஸ் கேட்பார், தாளைக் கேட்பார், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். பாயிண்ட் மாமா எதையும் கேட்க மாட்டார். எடுத்த எடுப்பில் பதில்தான்.

அவருடைய அக்கா மகள் அவர் வீட்டில் இருந்தாள். அம்மா அப்பா இல்லாத பெண். புருஷனோடு சரிப்படாமல், நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன் மாமா வீட்டுக்கு வந்தவள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. காலை ஏழு மணிக்கே போய், வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டி வைப்பாள். மாமா அவளுக்கு இடம் கொடுத்தார் என்பது உண்மை. அதற்கு வாடகையாக அவளுடைய விஷயங்கள் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தார் என்பதும் உண்மை.

மகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லிப் புருஷன் மனுப் போட்டான். அந்த சம்மன் என் பைக்கு வந்தது.

முதல் தடவை போனபோது பாயிண்ட் மாமா கதவைத் திறந்தார். அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்றார். அவருக்குப் பின்னால் கொடியில் சின்னச் சீருடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அது யாருடையது என்று கேட்டேன். எந்தச் சட்டத்தில் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். எதிர்மனுதாரர் வீட்டில் இல்லை என்று எழுதித் திரும்பினேன்.

இரண்டாம் தடவை வெளிக்கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. எதிர் டீக்கடையில் பாயிண்ட் மாமா ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் ஆள் இருக்கும்போதே வெளியே பூட்டி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற அளவுக்கு அவருடைய சட்ட ஞானம் முற்றியிருந்தது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு எந்த மூன்றாம் பக்கத்திலும் பதில் இல்லை போலிருக்கிறது. வீடு பூட்டியிருந்தது என்று எழுதினேன்.

இதெல்லாம் எதற்கு என்றால், சம்மனை வாங்காவிட்டால் வழக்கே நடக்காது என்று அவர் குடும்பத்துக்குச் சொல்லி வைத்திருந்தார். எப்போதோ ஒரு தீர்ப்பின் மூன்றாம் பக்கத்தில், எதிராளிக்கு முறைப்படி சம்மன் போய்ச் சேராததால் உத்தரவு ரத்து செய்யப்படுகிறது என்று படித்திருக்கிறார். நாலாம் பக்கத்தில், வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும் என்று இருந்திருக்கும். அதை யாரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. அவரும் படிக்கவில்லை.

மூன்றாம் தடவை போன நாள் எனக்கு நல்ல நாள் இல்லை. வழியில் ஸ்கூட்டர் பஞ்சராகி, வெயிலில் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். பாயிண்ட் மாமா அன்று ஏற்பாட்டோடு இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேரை வேடிக்கைக்குக் கூட்டி வைத்திருந்தார். செல்போனில் என்னைப் படம் பிடித்தபடியே பேசினார். நான் யார், என் அடையாள அட்டை எங்கே, ஒரு பெண் இருக்கிற வீட்டுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் வர எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று அடுக்கினார். கூட்டத்தைப் பார்த்து, இந்த ஆளும் தபால்காரரும் ஒன்றுதான், பயப்படாதீர்கள் என்றார். சிரித்தார்கள்.

"கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வாங்கினாத்தானே கேஸு. இங்கதான் ஒரு பாயிண்ட் இருக்கு. போய் உங்க ஐயாகிட்ட சொல்லு."

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"மாமா, என்ன பேப்பர் அது? நான் ஒரு தடவை பாக்குறேனே."

"நீ உள்ள போ. நான் பாத்துக்கறேன்," என்றார் மாமா.

திரை லேசாக அசைந்தது. அவ்வளவுதான். அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அம்மா, இதை வாங்கிக்கொள், வாங்காவிட்டால் உன்னைக் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள் என்று குரலை உயர்த்தி ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது என் கடமை என்றுகூட இல்லை, மனுஷத்தனம். எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. இந்த அறிவுகெட்ட கூட்டத்துக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டாவது தோன்றியதுதான் ஜெயித்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாளைத் திருப்பினேன். நடந்தபடி எழுதுவதானால், வீட்டுப் பெரியவர் தடுத்தார், எதிர்மனுதாரரைப் பார்க்க முடியவில்லை என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் நாலாம் தடவை போ என்பார்கள். இன்னொரு தடவை அந்த மனிதரின் செல்போனுக்கு முன்னால் நிற்க என்னால் முடியாது. எழுதினேன்: எதிர்மனுதாரர் நேரில் வாங்க மறுத்தார்.

இந்த வார்த்தையின் எடை தெருக்காரர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வீடு பூட்டியிருந்தால் திரும்பப் போக வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் போக வேண்டும். சம்பந்தப்பட்டவரே நேரில் மறுத்துவிட்டால், வாங்கியதற்குச் சமம். பிறகு யாரும் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

வழக்குத் தேதியன்று டவாலி வராந்தாவில் நின்று அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். கூப்பிட்டதற்கு யாரும் இல்லை. நீதிபதி என் இரண்டு வரியைப் படித்துவிட்டு எக்ஸ்பார்ட்டி என்றார். எதிர்ப்பக்கம் வராததால் வந்த பக்கத்தை மட்டும் கேட்டு முடிவெடுப்பது என்று அதற்கு அர்த்தம். புருஷன் கூண்டில் ஏறி, மகளைப் பார்க்கவே விடவில்லை, நீதிமன்றத்தையே மதிக்கவில்லை என்றான். சம்மனைத் திருப்பி அனுப்பியவள் குழந்தையை எப்படிப் பொறுப்பாக வளர்ப்பாள் என்று அவன் வக்கீல் கேட்டார். அடுத்த தேதியில் உத்தரவாகிவிட்டது. நான் வராந்தாவில் நின்றுகொண்டு, பாயிண்ட் மாமாவுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். குழந்தை பாயிண்ட் மாமாவுடையது இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உத்தரவை நிறைவேற்றுவது நீதிமன்ற அமீனாவின் வேலை. வீடு அடையாளம் காட்ட என்னையும் கூட்டிப் போனார். ஒரு பெண் போலீஸும் வந்தார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். புருஷன் தெருமுனையில் ஆட்டோவோடு நின்றான். கையில் புதுப் பொம்மை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. மகளுக்கு இப்போது எத்தனாவது வகுப்பு என்று என்னிடம் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்.

பாயிண்ட் மாமா அமீனாவிடம் ஸ்டே வாங்குவேன், ரிட் போடுவேன், உங்கள் எல்லோரையும் வேலையை விட்டுத் தூக்குவேன் என்று தனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் வரிசையாக இறக்கினார். அமீனா கொட்டாவி விட்டார். அந்தப் பெண் மட்டும் உத்தரவை வாங்கி வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் நிறுத்தினாள்.

"இதுல நான் நேர்ல மறுத்தேன்னு இருக்கு. நான் எப்போ மறுத்தேன்? யாருகிட்ட மறுத்தேன்?"

அமீனா என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "உங்களை நான் பாத்ததே இல்லையே, சார்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது. நான் ஸ்கூட்டர் சாவியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

குழந்தையை ஆட்டோ வரை கூட்டிப் போனது நான்தான். பெண் போலீஸ் கையை நீட்டியபோது வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டது. வந்தவர்களில் காக்கி போடாத ஆள் நான் ஒருத்தன்தான் என்பதால் இருக்கும். அம்மாவும் பின்னால் வருவாளா என்று கேட்டது. வருவாள் என்றேன். இருபது வார்த்தைக்காரர்களை ஏசுகிற எனக்கு அந்தப் பொய் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

பத்து நாள் கழித்து அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். மாமா கூட வரவில்லை. அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போய், ஒரு வக்கீலம்மாவைப் பிடித்திருக்கிறாள். கையில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று. மகளுடையது, முதல் நாலு பக்கத்தில் வாய்ப்பாடு இருந்தது. அதற்குப் பிறகு இவள் கையெழுத்தில் உத்தரவிலிருந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் பொருள். மனுதாரர், எதிர்மனுதாரர், எக்ஸ்பார்ட்டி, சம்மன் சார்வு, வாய்தா. சிலவற்றை அடித்துத் திருத்தியிருந்தாள். மாமா சொன்ன பொருளை அடித்துவிட்டு வக்கீலம்மா சொன்னதை எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் பார்த்த உடனே புரிந்தது. இருபத்தொன்பது வருடத்தில் வார்த்தைக்குப் பொருள் தேடிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் ஆள். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

நான் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே, திட்டாமல், அழாமல் பேசினாள். மாமா மறுத்தது அவளுக்குத் தெரியும், அது தப்பு என்றும் இப்போது தெரியும், ஆனால் அவள் மறுத்ததாக எப்படி எழுத முடிந்தது என்றுதான் கேட்டாள். வேலைப்பளு, மூன்று தடவை அலைந்தேன், உங்கள் மாமா அசிங்கப்படுத்தினார் என்று நான் ஏதேதோ சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"நான் ரத்தம் எடுக்கிறவ, சார். குத்த வரும்போது கையை இழுத்துக்குவாங்க, திட்டுவாங்க, ஒருத்தர் என் கன்னத்துலயே அறைஞ்சிருக்கார். அதுக்காக நான் ஊசியே குத்தாம, ரத்தத்துல இது இருக்கு அது இருக்குன்னு ரிசல்ட் எழுதிக் குடுத்தா என்னை என்ன செய்வாங்க?"

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. அவமானம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பாயிண்ட் மாமா கூட்டத்துக்கு முன்னால் பண்ணியது அவமானமே இல்லை.

உத்தரவை ரத்து செய்யக் கோரி வக்கீலம்மா மனுப் போட்டார். எதிர்மனுதாரர் நேரில் மறுக்கவில்லை, அவரிடம் சம்மன் காட்டப்படவே இல்லை என்பதுதான் மொத்த மனுவும். அதை நிரூபிக்க இருந்த ஒரே சாட்சி நான். தெருக்காரர்கள் யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள். அன்று சிரித்த நாலைந்து பேருக்கும் திடீரென்று ஞாபகமறதி. பாயிண்ட் மாமாவின் செல்போனில் படம் இருந்தது, ஆனால் அதைக் கொடுத்தால் தன்மேல் கேஸ் வரும் என்று அழித்துவிட்டார். சட்டம் தெரிந்தவர் அல்லவா.

நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள் தலைமை எழுத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் பத்து மாதத்தில் ஓய்வு பெறப் போகிறாய், எழுதியதை எழுதினேன் என்று சொல்லிவிட்டு இறங்கு, அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்றார். புருஷனின் வக்கீலும் வராந்தாவில் என் தோளில் கை போட்டு, உங்கள் அறிக்கையை நாங்கள் வேதவாக்காக மதிக்கிறோம் என்றார். அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

கூண்டில் ஏறினேன். முன்வரிசையில் அந்தப் பெண், மடியில் நோட்டு. கடைசி வரிசையில் பாயிண்ட் மாமா, விரலைத் தூக்கி எனக்கு ஏதோ பாயிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா அறிக்கையைக் காட்டி, இதில் மறுத்ததாக எழுதப்பட்டிருப்பவர் இங்கே இருக்கிறாரா, அவர் உங்களிடம் என்ன சொல்லி மறுத்தார் என்று கேட்டார்.

நான் உத்தமன் ஆகிவிடவில்லை. தலைமை எழுத்தர் சொல்லிக் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தத் தாளைக் கையில் கொடுத்ததும் என் கையெழுத்தைப் பார்த்தேன். மூன்று வார்த்தை. நேரில் வாங்க மறுத்தார். நேரிலும் இல்லை, வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அர்த்தம் தெரியாமல் வார்த்தையை வீசுகிறவர்களை ஆயுள் முழுக்கக் கேவலமாகப் பார்த்தவன், அர்த்தம் தெரிந்தே வீசியிருக்கிறேன். பாயிண்ட் மாமா என்னைவிடக் கொஞ்சம் மேல்.

"இந்தம்மாவை நான் அன்னிக்குப் பாக்கலைங்க. திரைக்குப் பின்னால குரல் மட்டும் கேட்டுச்சு. என்ன பேப்பர்னு கேட்டாங்க. மறுக்கலை. நான் பாக்காமலே எழுதிட்டேன்," என்றேன்.

நீதிபதி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உத்தரவு ரத்து, வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும், விசாரணை முடியும்வரை குழந்தை பழையபடி தாயிடம் என்றார். என்மேல் துறை விசாரணைக்கும் எழுதினார். ஏழு வாரத்துக்குப் பிறகு குழந்தை வீட்டுக்கு வந்தது.

தெருவில் என்ன நடந்தது தெரியுமா? பாயிண்ட் மாமாவுக்கு மாலை போடாத குறைதான். "நான் அப்பவே சொன்னேன்ல, சம்மன் வாங்கக் கூடாதுன்னு. வாங்கியிருந்தா இன்னிக்கு ஜெயிச்சிருக்க முடியுமா?" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாராம். எல்லோரும் தலையாட்டினார்களாம். மனம் ஒப்பவில்லை என்றாலும் சொல்கிறேன், அவருடைய மூன்றாம் பக்கம் அப்படியே பலித்துவிட்டது. இப்போது அந்தத் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் ஒரு வீட்டிலும் சம்மன் வாங்குவதில்லை. ஜன்னலைக்கூடச் சாத்திவிடுகிறார்கள். இந்த ஜனங்களைப் பற்றி நான் இத்தனை நாள் நினைத்ததில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவே.

வழக்கு முதலிலிருந்து நடக்கிறது என்றால் சம்மனும் முதலிலிருந்து. அந்தப் பகுதிக்கு வேறு ஆள் இல்லை. துறை விசாரணை முடியும்வரை நான்தான் போக வேண்டும் என்று தலைமை எழுத்தர் தாளை என் மேஜையில் எறிந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் போனேன்.

நாற்காலியிலிருந்த பாயிண்ட் மாமா என்னைக் கண்டதும் எழுந்தார், விரலும் எழுந்தது. அதற்குள் அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "நீங்க உக்காருங்க மாமா" என்றாள். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் கேட்டிருக்காது. அவர் உட்கார்ந்தார். அவள் சம்மனை வாங்கி, முன்பக்கம், பின்பக்கம், தேதி, முத்திரை எல்லாம் படித்தாள். அவசரப்படவில்லை. என் பிரதியில் கையெழுத்துப் போட்டாள். பிறகு தாளைத் திருப்பி என் முன் நீட்டி, என் எதிரிலேயே எழுதுங்கள் என்றாள். எதிர்மனுதாரர் நேரில் பெற்றுக்கொண்டார் என்று எழுதினேன். எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் தாளை விட்டாள்.

நன்றி சொல்வாளோ என்று எனக்கு ஒரு நைப்பாசை இருந்தது. கூண்டில் அவளுக்காகத்தானே என் வேலையையே பணயம் வைத்தேன். அவள் சொல்லவில்லை. அவள் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவளிடமிருந்து நானே எடுத்ததைத்தான் நானே திருப்பிக் கொடுத்தேன். அதுவும் ஏழு வாரம் குறைவாக.

கிளம்பத் திரும்பினேன். உள்ளறை வாசலில் குழந்தை நின்றது. நான் வந்ததை எப்போது பார்த்ததோ தெரியாது. தலை வாரி, வெளியே போகிற கவுன் போட்டிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் பல் துலக்கும் பிரஷ்ஷும் மடித்த இரண்டு கவுனும் வெளியே தெரிந்தன. யாரும் அதை எடுத்து வைக்கச் சொல்லவில்லை. என்னிடம் வந்து, சென்ற தடவை போலவே கையைப் பிடித்துக்கொண்டது.

"இந்தத் தடவ எத்தனை நாளு, மாமா?"

எங்கும் கூட்டிப் போக மாட்டேன், இனி எப்போதும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை. முடிந்து என்ன உத்தரவாகும் என்று யாருக்கும் தெரியாது. உத்தரவானால் வீடு காட்ட நானும் வர வேண்டியிருக்கும். இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

"இன்னிக்கு இல்லம்மா," என்றேன்.

அது என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் சொன்னதற்கு என்ன பொருள் என்று யோசித்தது. கையை விட்டது, ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை.